பன்னுவுக்கும் சேர்த்து ஒரு கூப்பே

பிப். 9, திங்கள்

காலையில் நல்ல குளிர், பத்து மணிக்கே வெயில். கறிவேப்பிலை, இவர் பி.பி. மாத்திரை, கேஸ் புக்கிங்.

முடிவு செய்தாயிற்று. 20 வெள்ளி இரவு ரயில். சனி, ஞாயிறு கடல். திங்கள் காலை நேரே ஆபீஸ். நான், இவர், நாய். நாயை விட்டுவிட்டு வரமாட்டாராம். சரி, வரட்டும்.

பன்னு தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்து நான்கு வருடம். அன்றிலிருந்து நானும் இவரும் சேர்ந்து ஒரு இரவு வெளியே தங்கியது கிடையாது. அக்கா மகள் கல்யாணத்துக்கு நாகப்பட்டினம் தனியாகப் போனேன். "அவர் வரலையா?" பந்தியில் உட்கார்ந்தவரெல்லாம் கேட்டார்கள். நாய்க்கு வயிற்றுப்போக்கு என்று எந்த வாயால் சொல்வது? இவருக்கு பி.பி. ஏறிவிட்டது என்றேன்.

போன வருடம் எடுத்த லீவிலும் பாதி நாய்க்குத்தான். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பத்தில் உடல்நலக் குறைவு'.

ஜூன் கடைசியில் எனக்கு ரிட்டயர்மென்ட். அப்புறம் இந்த வீடு, அந்த சோபா, அதில் இவர். இப்போது அசையாதவர் அப்போது அசையவே மாட்டார். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. எப்படியும் இந்த முறை கிளப்பிவிட வேண்டும்.

பிப். 10, செவ்வாய்

மதிய சாப்பாட்டு நேரம் முழுவதும் வைசாக் ஓட்டல்களுக்கு போன். எல்லாரும் விளம்பரத்தில் நாய்க்கு வரவேற்பு என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

ஒன்று: நாய் வரலாம், ரூமுக்குள் வரக்கூடாது. பார்க்கிங்கில் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு: பத்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். பன்னு பத்தொன்பது. நானென்ன நாயைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கவா?

மூன்று: "என்ன பிரீட் மேடம்?" நாட்டு நாய் என்றேன். "தெரு நாயா மேடம்?" ஆமாம், தெரு நாய். நீங்கள் என்ன அரண்மனையிலா பிறந்தீர்கள்? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் நித்யா புனேயிலிருந்து கூப்பிட்டாள். பெற்ற மகள், தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷ், பாதி தெலுங்கு. "லேப்ரடார் மிக்ஸ்னு சொல்லு, அந்தே, அவ்வளவுதான். ஹூ வில் செக் மா?"

"எதுக்குடி பொய் சொல்லணும்?"

"அய்யோ, டூ மச் பண்றே."

பன்னு என் காலடியில்தான் படுத்திருந்தது. பன் ரொட்டி நிறம், ஒரு காது மடங்கல். இதற்காக ஏன் ஊராரோடு சண்டை போடுகிறேன்? எனக்கே தெரியவில்லை.

பிப். 12, வியாழன்

ஆபீசில் பத்மஜாவிடம் புலம்பினேன். வைசாக் எதற்கு, எல்லாரும் அங்கேதானே போகிறார்கள், காக்கிநாடா போங்கள், கூட்டம் கிடையாது என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் கடற்கரைப் பக்கம் நாலு ரூம் வைத்து விடுதி நடத்துகிறார். ராஜு காரு, நம் பக்கத்தில் என்றால் ராஜு சார்.

போன் செய்தேன். பிரீட் கேட்கவில்லை, கிலோ கேட்கவில்லை. "நாய் பேரு ஏன்டண்டி?" அவ்வளவுதான். நாயின் பெயரைக் கேட்ட முதல் ஆள். பன்னு என்றேன். சிரித்தார். ரூம் போட்டாயிற்று.

இவரிடம் சொன்னேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "காக்கிநாடாவா? அங்க என்ன இருக்கு?"

"கடல் இருக்கு."

"இங்க டேங்க் பண்ட் இருக்கே. காத்து நல்லா வரும்."

நாகப்பட்டினத்தில் பிறந்தவளிடம் ஏரிக்கரையைக் காட்டி சமாதானம் சொல்கிற மனுஷர். அரிசி களையப் போய்விட்டேன்.

பிப். 14, சனி

போக, வர டிக்கெட் எடுத்தாயிற்று. காரில் போக முடியாது, ஏறிப் பத்தாவது நிமிடம் பன்னு வாந்தி எடுக்கும். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இருவர் மட்டும் படுக்கிற சின்ன அறை உண்டு, கூப்பே. அந்த அறை நமக்கே கிடைத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும்போது அதைக் கேட்க வழியில்லை. முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். சார்ட் போடும்போதுதான் தெரியும்.

மனு டைப் அடித்தேன். முப்பத்துநாலு வருடம் ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் கடிதம் அடித்த கை. இவர் பெயரில் டிக்கெட், இவர் கையெழுத்து.

"திங்கக்கிழமை நானே செகந்திராபாத் போய்க் குடுத்துர்றேன்."

"நக்கோ, வேணாம். நீ எதுக்கு அலையறே? ரயில்வே காலனில பொறந்தவன் நான். எங்கப்பா முப்பத்தாறு வருஷம் ஒர்க்‌ஷாப்ல இருந்தாரு. யாரைப் பாக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"நகல்ல சீல் வாங்கிட்டு வாங்க."

"ஹவ், ஹவ்." இவருடைய செகந்திராபாத் உருதுவில் ஆமாம், ஆமாம்.

ரயில்வே என்றால் இவர்கள் வீட்டுச் சொத்து. அப்பா இறந்து இருபது வருடம் ஆகிறது, அந்த அதிகாரம் மட்டும் போகவில்லை.

பிப். 17, செவ்வாய்

டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கினேன். ஊசி போட்டபோது பன்னு என் கையை நக்கியது.

"குடுத்தாச்சா?"

"ஆயிடுச்சு."

"சீல்?"

"நம்ம ஆளு கையில குடுத்தேன். நம்ம ஆளுகிட்ட போய் சீல் கேட்பாங்களா?"

மேலே கேட்பதற்குள் குக்கர் விசில்.

பிப். 19, வியாழன்

மூட்டை கட்டினேன்.

நாய்: போர்வை, கிண்ணம் 2, சாப்பாடு, பிஸ்கட், சங்கிலி, வாய்க்கூடு, ஊசி அட்டை, சர்டிஃபிகேட், பழைய துண்டு 3, பந்து.

இவர்: மாத்திரை, சட்டை 2, ஸ்வெட்டர், காதுக்குப் பஞ்சு, தலையணை (தன்னுடையதுதான் வேண்டுமாம்).

நான்: புடவை 2.

இவர் கிரிக்கெட் பார்த்தார். ஒரு ஓவர் முடிந்த இடைவெளியில், "எல்லாம் எடுத்துட்டியா?" என்றார்.

பிப். 20, வெள்ளி

மதியம் சார்ட் வந்தது. கூப்பே இல்லை. நாலு பேர் அறையில் இரண்டு படுக்கை, எதிரே யாரோ இருவர். நாய் ஏற முடியாது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். சொன்னேன்.

"சரி, அவ்வளவுதான். கேன்சல் பண்ணிடு." உடனே சொன்னார். முகத்தில் ஒரு வருத்தம் இல்லை. டீ போடவா என்று வேறு கேட்டார்.

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று, பன்னுவைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வரலாமென்று நினைத்தேன். காலை நடைக்குப் பையிலிருந்து எடுத்துப்போன சங்கிலி இவர் வாக்கிங் ஜாக்கெட் பாக்கெட்டில் இருக்கும். கையை விட்டேன். பிஸ்கட் தூள். அதற்குக் கீழே என் மனு, நாலாக மடித்தபடி. நகலும் அதோடு.

"என்னங்க இது?"

டீத்தூள் டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"எந்த ஆளு கையில குடுத்தீங்க?"

"அவன் எப்பவோ ரிட்டயர் ஆயிட்டானாம்."

"ஸ்டேஷனுக்காவது போனீங்களா?"

"பன்னுவுக்கு ரயில் சத்தம் ஆவாது வசந்தா."

"பன்னுவை விடுங்க."

டப்பாவை மூடி வைத்தார். "எனக்கு எங்கயும் போகப் பிடிக்கல. வீட்ல இருந்தா நிம்மதியா இருக்கு. சொன்னா நீ கத்துவே."

கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது, திறக்கட்டும் என்று கத்தினேன். நான்கு வருடம் ஒரு வாயில்லா ஜீவனைக் காரணம் காட்டியிருக்கிறார். நானும் நம்பி அதைத்தானே கரித்துக் கொட்டினேன்! சனியன் என்றிருக்கிறேன், என் வாழ்க்கையைக் கட்டிப் போட வந்தது என்றிருக்கிறேன். அது வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டது.

பையிலிருந்து நாய்ச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து டைனிங் டேபிளில் வைத்தேன். பிறகு இவருடையதை. பை காற்றாக இருந்தது.

"எங்க போறே?"

"காக்கிநாடா."

"தனியாவா?"

"ரெண்டு படுக்கை இருக்கு. ஒண்ணுல நான், ஒண்ணுல பை."

வாசலில் பன்னுவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

பிப். 21, சனி. காக்கிநாடா

தூக்கம் சுமார். இங்கே காலையிலேயே பிசுபிசுப்பு. ராஜு காரு கேட்டில் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரோடு நின்றிருந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பன்னு எக்கட மேடம்?"

"வீட்ல. எங்க வீட்டுக்காரருக்குத் துணை."

அவருக்கு என்ன புரிந்ததோ, மேலே கேட்கவில்லை. பெசரட்டு சூடாக வந்தது. யாரோ சுட்டு, யாரோ கொண்டுவந்து வைத்து, நான் உட்கார்ந்தபடி சாப்பிட்டேன்.

கடல். சாம்பல் நிறம், சின்ன அலை. ராஜு காருவின் கறுப்பு நாய் கூடவே வந்தது, கூப்பிடாமலே. முழங்கால் வரை தண்ணீரில் நின்று இவரைத் திட்டினேன், சத்தமாக, தமிழில். மீனவர் ஒருவர் வலையைப் பிரித்தபடி பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். கோபம் குறையவில்லை. ஆனால் கால் நன்றாகக் குளிர்ந்தது.

பதினொன்றுக்கு போன்.

"பன்னு சாப்பிட மாட்டேங்கறான். உன் புடவை மேல போய்ப் படுத்துட்டு எழுந்திருக்க மாட்டேங்கறான்."

"ஸ்பீக்கர்ல போடுங்க." போட்டார். "சாப்பிடுடா பன்னு. அம்மா வருவேன்." கொஞ்ச நேரத்தில் கிண்ணம் நகரும் சத்தம்.

"சாப்பிடறான்." அப்புறம், மெதுவாக, "நான் இன்னும் சாப்பிடலை."

"மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"எப்ப வர்றே?"

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டேன்.

"கடல் எப்படி இருக்கு?"

"வந்து பாருங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாளை இரவு திரும்ப எடுத்திருந்த இரண்டு டிக்கெட்டையும் கேன்சல் செய்தேன். ராஜு காருவிடம் ரூமை புதன் வரை கேட்டேன். ஆபீசுக்கு மெயில்: மூன்று நாள் லீவு, திங்கள் முதல் புதன் வரை. காரணம் என்ற இடத்தில், கடல்.