மஞ்சள் கருவி மௌனமாக இருந்த மாலை

நம்முடைய மஞ்சள் கருவி இன்று ஆபீசுக்குத் திரும்பி வந்துவிட்டது. அளவு சரிபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தோமே, அதேதான். கூரியர்காரர் பெட்டியை என் மேஜைமேல் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். திறந்து பார்த்தேன். கைப்பிடியில் நீ கட்டிய நீல ரிப்பன் அப்படியே இருக்கிறது. அதனோடு வந்த வார் அறுந்துபோனபோது உன் மகளின் பள்ளிக்கூட ரிப்பனைக் கொண்டுவந்து இரட்டை முடிச்சாகக் கட்டினாயே, அது. அந்த ஊர்க்காரர்கள் அவிழ்க்கவில்லை. கருவியில் அதுவும் ஒரு பாகம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உடனே பெட்டியை மூடிவிட்டேன். நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டிருப்பாய். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். முன்பெல்லாம் நான் பயந்தால் கிண்டல் செய்ய நீ இருந்தாய். கிண்டலில் பாதி பயம் போய்விடும். இப்போது கேட்பாரில்லாமல் முழுநேரமும் பயந்துகொண்டிருக்கிறேன்.

குரோம்பேட்டையில் அந்த மாடி ஆபீசில் நாம் இருவரும்தான் பெண்கள். தொழிற்சாலைகளுக்குக் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளை விற்பதும், விற்றதைப் பழுது பார்ப்பதும் நம் வேலை. எனக்கும் அந்த வேலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று நீயே சொல்வாய். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், ஜிஎஸ்டி ரோட்டைக் கடப்பதற்குப் பயம். நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவாய். "லாரிக்காரனுக்கும் கண்ணு இருக்குடி, வா!" என்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு வருவேன்.

அதனால்தான் அந்த மஞ்சள் கருவி வந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். பார்ப்பதற்கு வீடியோ கேமரா மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் தூரத்துச் சுவரில் ஒரு பச்சைப் புள்ளி விழும். அதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு லேசரும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும். போகிற வழியில் மீத்தேன் கேஸ் இருந்தால் கருவி கீச் கீச்சென்று கத்தி, எவ்வளவு கேஸ் என்று எண்ணில் காட்டும். கிட்டேயே போக வேண்டாம். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கலாம். "எனக்காகவே கண்டுபிடிச்சிருக்காங்கடி, தள்ளி நின்னே வேலைய முடிச்சிடலாம்" என்று நான் சொன்னதற்கு நீ எவ்வளவு சிரித்தாய்!

கஸ்டமரிடம் காட்டும்போது நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். நாம் ஒரு தடவை செய்து காட்டியதும் கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவாய். "ஒரு தடவ கையில பிடிச்சிட்டா கீழ வைக்க மனசு வராது, பாரு" என்பாய். நீ சொன்னது சரிதான். வண்டலூர் விடுதி மேனேஜருக்கும் மனசு வரவில்லை.

அந்த விடுதி வண்டலூரைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் இருந்தது. கல்லூரிப் பெண்கள் தங்குவது. கீழே மெஸ், மேலே மாடி மாடியாக அறைகள். மெஸ்ஸுக்குப் பின்னால் மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் கொட்டிக் கேஸ் தயாரிக்கும் தொட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். அதில் வருவது பெரும்பாலும் மீத்தேன். பால் காய்ச்சும் ஓர் அடுப்பு மட்டும் அதில் எரியும். பெரிய அடுப்புகளுக்கெல்லாம் வழக்கமான சிலிண்டர்கள்தான். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அவற்றை வரிசையாக நிறுத்தி, குழாய் வழியாக அடுப்புகளுக்குக் கொடுத்திருந்தார்கள். தொட்டிக் குழாயில் எங்கேயோ கசிகிறது, கண்டுபிடித்துத் தந்தால் தங்கள் எல்லா விடுதிகளுக்குமாகச் சேர்த்துக் கருவி வாங்குவோம் என்று மேனேஜர் கூப்பிட்டிருந்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். மெஸ் மாஸ்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார். "இன்னாம்மா இது, டிவி ரிமோட்டு கணக்கா கீது? கிட்டக்க போயி மோந்து பாக்காம எப்டிம்மா கண்டுபுடிக்கும்?"

"பாத்துகினே இருங்க மாஸ்டர்" என்று அவர் பாஷையிலேயே சொன்னாய். அவருக்கு வாயெல்லாம் பல்.

நீ முற்றத்தின் இந்தக் கோடியில் நின்று பச்சைப் புள்ளியைக் குழாய்மேல் மெதுவாக நகர்த்தினாய். சன்ஷேடுக்குக் கீழே ஒரு வளைவில் வந்ததும் கருவி கத்தியது. ஏணி வைத்து மாஸ்டர் அந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. ஏணிமேல் நின்றபடியே உனக்கு ஒரு கும்பிடு போட்டார். மேனேஜர் கையை நீட்டினார், நீ கருவியைக் கொடுத்தாய். கொடுக்கும்போதே சொன்னாய்: "சார், இது மீத்தேன் மட்டும்தான் பாக்கும். சிலிண்டர்ல இருக்கறது வேற கேஸ். அது லீக் ஆனா இதுக்குத் தெரியாது." நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவரும் தலையாட்டினார். ஆனால் பச்சைப் புள்ளி அதற்குள் மதில்மேல் போய், அங்கே படுத்திருந்த பூனையின் வால்மேல் போய்க்கொண்டிருந்தது. காதில் என்ன விழுந்திருக்கும்?

கருவியை அவரிடமே விட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தில் டீ குடிக்க உட்கார்ந்தோம். தொட்டி நாற்றத்தில் மூக்கு செத்துப்போயிருந்தது. அப்போதுதான் பரிமாறும் ஜன்னல் வழியாகச் சமையலறைப் பேச்சு கேட்டது.

"சார், மதியம் சிலிண்டரு மாத்துனதுலேர்ந்து ஒரு மாரி நாத்தம் வந்துகினே கீது. போண்டா போடணும். பத்த வெக்கலாமா, வாணாமா?"

"இருங்க மாஸ்டர், அதான் மெஷின் இருக்கே."

செருப்புச் சத்தம் அங்கும் இங்கும் போய் வந்தது. பிறகு மேனேஜர் குரல். "பாருங்க, ஜன்னல் வழியா அந்த சிலிண்டர் ரூம் முழுக்கப் பாத்துட்டேன். சத்தமே இல்ல, ஜீரோ. அவ்ளோ தூரத்துலேந்து அந்தச் சின்ன ஓட்டையையே கண்டுபிடிச்சுது, இத விட்டுடுமா? உங்களுக்குத் தொட்டி நாத்தம்தான் மூக்குல நிக்குது. தைரியமா பத்த வைங்க."

உன் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. இதை எழுதும்போதும் ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ முறை வேறு மாதிரி நினைத்துப் பார்த்துவிட்டேன். மாஸ்டர் கொஞ்சம் சுறுசுறுப்பானவராக இருந்திருந்தால்? நாம் டீ வேண்டாமென்று கிளம்பியிருந்தால்? பேருந்தில் போகும்போது, துணி துவைக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் அந்த நினைப்பு வந்து நிற்கிறது.

நீ சமையலறைக்குள் பாய்ந்து போய் நின்றபோது மாஸ்டர் கையில் லைட்டர் இருந்தது. "பத்த வைக்காதீங்க! கைய எடுங்க மாஸ்டர்! லைட்டு, ஃபேன், எந்த சுவிட்சையும் தொடாதீங்க. அந்தப் பால் அடுப்ப மட்டும் அணைங்க!" நீ சொன்ன பிறகுதான் நான் பார்த்தேன். அந்த மூலையில் பால் அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு தண்ணீர் மாதிரி பரவும். நீ சிலிண்டர் அறை வாசலில் குனிந்து மோந்தாய். நிமிர்ந்தபோது உன் முகம் மாறியிருந்தது.

"எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ. மேல இருக்கற பொண்ணுங்களையும்தான். பெல் அடிச்சிடாத, ஒரு பொறி போதும். கத்திக் கூப்பிடு."

"நீ?"

"வால்வ மூடிட்டு வரேன்."

"வேணாம்டி. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுவோம், அவங்க வரட்டும்."

"அவங்க வர்ற வரைக்கும் கேஸ் அங்கயே நிக்குமா?" என்றாய். இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து என் கையில் திணித்தாய். "இதையும் எடுத்துட்டுப் போ. நிக்காத."

நான் நிற்கவில்லை. மாடிப்படியில் ஏறிக் கத்தினேன். என் குரல் அப்படிக் கத்தும் என்று எனக்கே தெரியாது. தலையில் துண்டு கட்டிய பெண்களும், காலில் செருப்பில்லாத பெண்களுமாக இறங்கி ஓடிவந்தார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள், அவர்களை அறைய வேண்டும்போல் இருந்தது. மேனேஜர் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். எல்லோரும் விளையாட்டு மைதானத்தின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தோம். நீ மட்டும் வரவில்லை.

அப்போது உன் போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது.

அது உன் இடுப்பிலேயே இருந்து, நீ அந்த அறையில் குனிந்திருக்கும்போது அடித்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்ததே, அதைவிடப் பெரிய பயம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. எடுத்தேன். உன் மகள்தான்.

"அம்மா இல்லையா ஆன்ட்டி?"

"வேலையா இருக்காம்மா."

"எப்ப வருவாங்க? பசிக்குது."

அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோராவது படிக்கிற பெண், பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து வீட்டில் பள்ளிச் சீருடையோடு நின்றுகொண்டு கேட்கிறாள். நான் என்ன சொல்ல? "வந்துடுவா, லைன்லயே இரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ, தெரியாது. வைத்துவிட்டால் நீ வராமல் போய்விடுவாய் என்று தோன்றியது.

வந்தாய். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவசரமே இல்லாதவள்போல் நடந்து வந்தாய். புதிதாக மாற்றிய சிலிண்டரில் வாஷர் இல்லையாம். எல்லா வால்வையும் மூடி, ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு வந்திருந்தாய். "மெஷின்ல ஏதாவது கோளாறா மேடம்?" என்று கேட்டார் மேனேஜர். கருவியை வாங்கிக்கொண்டு, மைதானத்து மதிலுக்கு அந்தப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் பின்னாலேயே வந்து போனை நீட்டினேன். உன்னால் அதைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் நிற்கவே இல்லை. நான்தான் உன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுடா கண்ணு. அம்மா வந்துக்கிட்டே இருக்கேன். அடுப்பப் பத்த வைக்காத. பிரெட்டு இருக்கு, ஜாம் தடவிச் சாப்பிடு."

எப்போதும் பேசுகிற அதே குரல். ஆனால் என் விரல்கள் உன் தாடையில் பட்டுக்கொண்டிருந்தன. அது நடுங்கிய நடுக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும். பல்லோடு பல் அடித்துக்கொண்டது. நீ ஒவ்வொரு வார்த்தையையும் அதற்கு நடுவில் பார்த்துப் பார்த்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாய். போனை வைத்ததும் என் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு அழுதாய். "நான் அவர் கையில குடுத்திருக்கவே கூடாதுடி" என்றாய். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா அவகிட்ட. அம்மாவுக்குப் பயமே கிடையாதுன்னு நெனச்சிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்" என்றாய். சரி என்றேன்.

அதற்கடுத்த வருஷம் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், பயம்னா என்னன்னே தெரியாதவ என்று. ஆபீஸ் சாரும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வலது கை விரல்களில் அந்த நடுக்கம் இருந்தது. அன்றிலிருந்து இருக்கிறது. பேனா பிடிக்கும்போது இருக்கிறது, சாதம் பிசையும்போது இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளறையில் உன் கணவர் படுத்திருந்தார். உன் மகள் கூடத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை வருகிறது, இரவில் தூக்கம் வருவதில்லை, வாசலில் யார் வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றாள். "எல்லாரும் அம்மா மாதிரி தைரியமா இருன்னு சொல்றாங்க ஆன்ட்டி. எனக்கு எதப் பாத்தாலும் பயமா இருக்கு. நான் அம்மா மாதிரியே இல்ல."

உன்னிடம் கேட்க வழியில்லை. சொல்லிவிட்டேன். லைட்டரிலிருந்து மதிலோரம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அந்தப் போனை மறக்கவில்லை. "பிரெட்டு சாப்பிடுன்னு சொன்னாங்களே, அன்னிக்கா? கோவத்துல நான் டொக்குன்னு வச்சிட்டேன். குரல் நல்லாத்தானே இருந்துச்சு?"

"குரல் நல்லாத்தான் இருந்துச்சு."

"அம்மா பயந்தாங்களா?"

"ரொம்ப."

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "போனை எந்தக் கையால பிடிச்சிருந்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

வலது கையை நீட்டினேன். அதை இரண்டு கையாலும் வாங்கி, என் விரல்களைத் தன் தாடையில் வைத்துக்கொண்டாள். "இப்படியா?"

"இப்படித்தான்."

அவள் தாடை நடுங்கத் தொடங்கியது. நான் கையை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் அப்பா, "யாரும்மா வந்திருக்கறது?" என்று கேட்டார்.

"ஆன்ட்டிதான்பா. நீங்க தூங்குங்க" என்றாள். குரல் உன் குரல்தான், ஒரு பிசிறு இல்லை. பல்லோடு பல் அடித்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.