எழும்பி ஆடியவர்

என் அன்பு மாமா,

போன மாதம் தேவாலயத்தில் உங்கள் சவப்பெட்டியின்மேல் கிளப் ஸ்கார்ஃபைப் போர்த்தினார்கள். அதுவரை பொறுத்துக்கொண்டேன். பிறகு கிளப் தலைவர் எழுந்து அந்தக் கதையைச் சொன்னார். தலையில் முழங்கை பட்டு மைதானத்தில் நினைவில்லாமல் கிடந்தீர்களாம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எழுப்பிவிட்டார்களாம். தள்ளாடிப் போய் வெற்றிக் கோலை உதைத்தீர்களாம். நீங்களெல்லாம் பேசும் இங்கிலீஷ் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும், தெரியுமே. "அடுத்த நாள் கேட்டால், ஆரோட விளையாடினதெண்டே இவருக்குத் தெரியேல்லை!" என்றார். தேவாலயமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குளிர்காலத்தில் ஃபுட்போல், கோடையில் அதே புல்வெளியில் கிரிக்கெட். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இந்த மெல்பேர்னில் இரண்டுக்கும் உங்களை விட்டால் ஆளில்லையாம். ஹெல்மெட் என்ற பேச்சே இல்லாத காலம். முழங்கை, முழங்கால், பந்து எல்லாவற்றுக்கும் உங்கள் தலைதான் கிடைத்தது. எத்தனை முறை விழுந்தீர்கள், மாமா?

வயது போனால் மறதி வரும் என்றார் டாக்டர். நான் நேர்ஸ். உங்களைவிட மூத்தவர்கள் என் வார்டில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் வரை சொல்கிறார்கள். நீங்களோ குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, கிரிக்கெட் கால்கவசம் கட்டிக்கொண்டு, உங்கள் முறை வரும் என்று காத்திருந்தீர்கள்.

"விக்கெட் விழுந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை மாமா. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"நீர் ஆர், பிள்ளை? உம்மடை பேரென்ன?"

இப்போது வீட்டுச் செய்தி. போன சனிக்கிழமை என் கணவருக்கும், உங்கள் மகனுக்குத்தான், ஃபுட்போலில் தலையில் அடி. எழும்பி ஆடினார். வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் வென்றது என்று என்னிடமே கேட்டார். வியாழக்கிழமை பயிற்சியாளர் வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு, "தகப்பன் எழும்பி விளையாடினவர். இவன் என்ன குறைஞ்சவனே?" என்றார்.

"ஓம், விளையாடினவர்," என்றேன். "கடைசியில எனக்குப் பேர் என்னெண்டு கேட்டவர்."

பயிற்சியாளர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார். போகட்டும்.

உங்கள்மேலும் கோபம்தான் மாமா. ஒருமுறையாவது விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கக்கூடாதா? நீங்கள் எழும்பியதைச் சொல்லித்தானே இப்போது இவரை எழுப்புகிறார்கள்?

வெளியே கிளம்பும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும், "ஓம், வாங்கோ" என்று மறுமொழி வந்த பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் பழக்கியது நான்தானே? நீங்கள் ஒருநாளும் தவறியதில்லை. இன்று காலை இவர் மாட்சுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, "போட்டு வாறன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் சொன்னார். கெஞ்சினார். பிறகு கத்தினார். நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மாட்ச் தொடங்கி வெகுநேரமாகிறது. இவர் இன்னும் உங்கள் கதிரையில் பூட்ஸோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார். வருகிற சனிக்கிழமையும் நான் ஊமைதான். கோபித்தால் கோபிக்கட்டும். அதே கதிரையில் கிழவனாகி உட்காரும்போதும், இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தேத்தண்ணி கேட்பார். அதற்கு நான் பொறுப்பு.

நீங்கள் பெயர் மறந்த மருமகள்,
வதனி