முடிந்த ஆட்டத்துக்கு ஒரு ஜெபம்

அன்புள்ள அம்மாவுக்கு, மெல்பர்னிலிருந்து ஃபெபி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அப்பாவுக்கு ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா?

முதியோர் இல்லத்தில் நான் கவனிக்கும் தாத்தா ஒருவர், சனிக்கிழமை தன் ஃபுட்பால் அணிக்கு இறுதியாட்டம் என்று ஜெபிக்கச் சொன்னார். தமிழ்ச் சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்தேன். எல்லோரும் முழங்காலிட்டோம். பிறகுதான் அவர் மகள் சொன்னாள், அது 1910இல், அவர் பிறக்கும் முன்பே, அவருடைய அப்பா ஆடித் தோற்ற ஆட்டமாம்; சின்ன வயதில் அப்பா சொல்லிக் கேட்ட கதையாம். தாத்தாவுக்கு நினைவு தடுமாறுகிறது. இங்கே சபைக்கு வரும் நம் பாளையங்கோட்டை சாலோமி அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, முடிஞ்ச மேட்சுக்கா எங்கள முழங்கால் போட வச்ச?"

திங்கட்கிழமை தாத்தா, "ஜெயிச்சோமா?" என்று கேட்டார். "ஜெயிச்சிட்டோம்" என்றேன். அன்று தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அம்மா, அப்பா சுகம் என்று நீங்கள் போனில் சொல்வதும் இப்படித்தானா? கருப்பட்டி அனுப்பும்போது உள்ளதை எழுதிக் கூடவே வையுங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஃபெபி