மீதி மூன்று திருத்தங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் டாக்டர். செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு கோர்வையாக வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்ட கையெழுத்தைப் போட மாட்டேன். உன் சோதனைக்கு முன்பே எங்கள் மென்பொருள் குழு சம்மதம் தந்தது என்று போன மார்ச் தேதி போட்டு ஒரு கடிதம் கேட்கிறாய், உன் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் காட்ட. போன மார்ச்சில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பள்ளி ஆசிரியை எங்கள் மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறார் என்பதுதான். இரண்டு பிள்ளைகள், ஓய்வு நேரத்தில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவருக்கு ஏழு பதில் எழுதினேன். எங்கே தவறு, ஏன் தவறு என்று வரி வரியாக. அத்தனை சில்லறைத் தவறுகளையும் திருத்திக் கொடுத்த களைப்பில், நடுவே இருந்த ஒரு வரியைக் கவனிக்காமல் ஏற்றுக்கொண்டேன். அப்படி ஓர் ஆசிரியையே இல்லை, அந்தப் பெயரில் எழுதியது உன் மாணவர்கள் இரண்டு பேர் என்பது நீ பெருமையோடு அனுப்பிய கட்டுரையைப் படித்தபோதுதான் தெரிந்தது. மூன்றாம் அட்டவணையில் என் வாக்கியங்களே இருந்தன. பக்கத்தில், 'பராமரிப்பாளர் அ: எளிதில் நம்பும் இயல்பு.' அந்த 'அ' நான்தான். உன் அத்தானிடம் காட்டினேன். காய்கறிக்காரர் தராசையே நம்பாதவளைப் பற்றியா இப்படி எழுதியிருக்கான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களிடம் இருவர் பார்த்தால்தான் ஒரு திருத்தம் உள்ளே போகும். இரண்டாவது ஆள், இணையத்தில் 'மீசைக்காரர்' என்ற பெயரில் எழுதுபவர். பேருந்துப் பணிமனையில் கணினி பார்ப்பவர், நான் நேரில் கண்டதில்லை. நேற்று அவரிடம் கேட்டேன். "நீங்க பார்த்தாச்சுன்னா அதுல என்னத்த இருக்கப் போகுதுன்னு ஓகே போட்டுட்டேன்" என்றார். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன். ஆறு வருஷமாம். விலகிக்கொள்கிறேன் என்கிறார். வேண்டாம், இனிமேல் படித்துவிட்டுப் போடுங்கள் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது நீதான். அதை மறைக்க மாட்டேன்.

உன் வேலையே வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. இலவச மென்பொருள், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அப்படியானால் கெட்டவனும் வருவான். சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். எங்களில் ஒருவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். தவறான வரி உள்ளே போகும் முன் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நீ நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, கழுத்து எவ்வளவு மென்மை என்று கட்டுரை எழுதினாய். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் 'மனிதர்கள் மீதான ஆய்வு அல்ல, மென்பொருள் மீதானது' என்று எழுதிக் கொடுத்தாயாம். அந்த ஏழு பதிலை எழுதியது மென்பொருளா?

அம்மா உன் கட்சி. கூடப் பிறந்தவன், ஒரு கையெழுத்துதானே, போட்டால் கை தேய்ந்தா போகும் என்கிறார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் சொல்கிறார். ஆடுகிறதுதான். அதற்காகப் பொய்த் தேதி போட முடியாது.

இனி முக்கியமான விஷயம். நான்கு திருத்தங்கள் அனுப்பியதாகக் கட்டுரையில் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டோம். மீதி மூன்று எவை, எந்தப் பொய்ப் பெயர்களில் வந்தன என்று கேட்டால், கட்டுரை அச்சாகும் முன் சொன்னால் ஆய்வின் மதிப்பு போய்விடும் என்கிறாய். எங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும். நோயாளியின் விரலில் மாட்டும் கருவியிலிருந்து ஆக்சிஜன் அளவை வாங்கி, வார்டில் நர்ஸ் பார்க்கும் திரைக்கு அனுப்புகிறது. காசு கொடுத்து வாங்க முடியாத சின்ன மருத்துவமனைகள் இதைத்தான் வைத்திருக்கின்றன. அந்த 'ஆசிரியை'யின் வரியை ஓட்டிப் பார்த்தேன். கருவி அனுப்பும் ஓர் எண் அளவுக்கு மீறி நீண்டால் புரோகிராம் நின்றுவிடுகிறது. திரையில் மட்டும் கடைசி அளவு அப்படியே நிற்கிறது. தொண்ணூற்றேழு. மூச்சு நின்ற பிறகும் தொண்ணூற்றேழு. மற்ற மூன்றும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இந்த ஓராண்டில் புதியவர்கள் அனுப்பியவை இருநூற்றுப் பத்து. நானும் மீசைக்காரரும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம், நாற்பது முடிந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். புதிய பதிப்பை நிறுத்திவிட்டேன். வியாழன் காலை பத்து மணிக்கு எல்லா மருத்துவமனைகளுக்கும் அறிவிப்பு போகும். என் தவறும் அதில் இருக்கும், உன் பெயரும் இருக்கும், நான் உன் அக்கா என்பதும் இருக்கும். நெறிமுறைக் குழுவுக்கும் அதே பிரதி. இதனால் உன் வேலைக்கு ஆபத்து என்று அம்மா அழுகிறார். எனக்கும் தெரியும். அறிவிப்பு நிற்காது.

அதற்கு முன் அந்த மூன்றும் எவை என்று நீயே எழுதி அனுப்பிவிடு. 'தானாகவே முன்வந்து தந்தார்' என்று ஒரு வரி அறிவிப்பில் சேர்ப்பேன். உண்மையாக இருந்தால் மட்டும். நெறிமுறைக் குழு உன்னைக் கூப்பிடும் நாளில் நடந்ததை நடந்தபடி சொல்வதாக இருந்தால், எனக்குத் தேதியைத் தெரிவி. டிக்கெட் எடுத்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன். பேச மாட்டேன். உட்காருவேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நன்றாக இருக்க வேண்டும் நீ.

உன்
அக்கா