யாரும் இல்லை, நான்தான்

அன்புள்ள கோபக்காரிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அங்கே நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர்களைத் தனியாகத் தூக்காதே, துணைக்கு ஆள் கூப்பிடு என்று நான் சொன்னால் கேட்கவா போகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இது. உன் மகள் சுண்டெலி சோபாவில் என் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். எழுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதால் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ஹலோ சொல்வதற்குள் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அவள் உன் முகத்தைப் பார்க்கிறாள், நான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவள் காலைப் பார்க்கிறேன். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாரைத் தடுக்கப் போகிறார்களாமே, லீவுக்கு வந்தவர்களையும் திரும்ப விடமாட்டார்களாமே, உங்கள் விடுதியில் அத்தனை பேரும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்களாமே. நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். "உங்க ஆபீஸ்லதானே இதெல்லாம் எழுதறாங்க, உங்களுக்குத் தெரியாம இருக்குமா? நான் டிக்கெட் எடுக்கவா வேண்டாமா?" என்று கடைசித் தடவை சத்தமே போட்டாய். நானும் பால் பொங்குகிறது, காலிங் பெல் அடிக்கிறது என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். பால் பொங்கவில்லை. வாசலில் ஆளும் இல்லை.

விஷயம் நிஜம்தான். அதற்கான ஆய்வறிக்கை எங்கள் புள்ளிவிவர மையத்திலிருந்துதான் போனது. அதில் இருந்த அட்டவணைகள் என் மேஜையில்தான் தயாராயின. "ஆளை எண்ணறதுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேலி செய்வாயே, இப்போது பார், எண்ணியது எங்கே கொண்டுபோய் விட்டது என்று.

தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளுக்கு எங்கள் கணக்கெடுப்பாளர்கள் போய் வந்தார்கள். பிள்ளையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. வந்த பதிலைக் கூட்டிப் பார்த்தால், மூன்றில் ஒரு பிள்ளைக்குப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லை. அமைச்சகம் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டது. யாருமில்லாத பிள்ளைகள் என்று கேட்டால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? சட்டம் கொண்டுவர நினைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே.

இப்போது ஒன்று சொல்கிறேன், அடிக்க வராதே. சட்டம் வரும் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ லீவுக்கு வருவாய், திரும்பிப் போக முடியாது. வேலையை விட்டுவிட்டு வா என்று நான் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. அங்கே நர்ஸாகப் பதிவு பெற நீ படிக்கும் பரீட்சை வீணாகிப்போவதற்கும் நான் காரணம் இல்லை. எல்லாப் பழியும் அரசாங்கத்துக்கு, பெண்டாட்டி எனக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் சுண்டெலிக்குப் பலூன்கூட வாங்கினேன். அவள் எதுக்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

மறுநாள் காலையில் எல்லாம் கெட்டது, ஒரு சடையால்.

உன் மகளுக்கு இப்போது ஒற்றைச் சடை ஆகாது. இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே உயரத்தில் வேண்டும். நான் பின்னினால் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். மூன்று தடவை அவிழ்த்துப் பின்னி, குழந்தைகள் காப்பகத்துக்குத் தாமதமாகி, அங்கே டீச்சர் "அம்மா வரட்டும் பாப்பா, நல்லாப் பின்னி விடுவாங்க" என்று என் காதில் விழும்படி சொல்லி, நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது மணிக்கட்டில் அவளுடைய ரோஸ் நிற ரப்பர் பேண்ட். அதோடுதான் உட்கார்ந்து வேறொரு அட்டவணையைச் சரிபார்த்தேன். தடுப்பூசி, எடை, இருமல் சளிக்கு டாக்டரிடம் காட்டியது, எல்லாம் அதில் இருக்கும். அந்த யாருமில்லாத பிள்ளைகளின் எடை மற்றவர்களைப் போலவே இருந்தது. தடுப்பூசி ஒன்றுகூடத் தவறவில்லை. அதெப்படி? யாருமே இல்லாத பிள்ளையை ஊசி போட யார் கூட்டிப்போனது, பேயா?

வினாத்தாளை எடுத்து அந்தக் கேள்வியைப் பார்த்தேன். அம்மா, பாட்டி, அத்தை, சித்தி, மற்ற பெண் உறவினர், சம்பளத்துக்கு வைத்த ஆள், யாரும் இல்லை. அவ்வளவுதான். அப்பா என்று ஒரு கட்டமே இல்லையடி! ஆண்கள் மட்டுமே வெளிநாட்டுக்குப் போன காலத்தில் எழுதிய கேள்வி அது. பெண்கள் போக ஆரம்பித்த பிறகும் வருஷா வருஷம் அதையே அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். ரப்பர் பேண்டோடு உட்கார்ந்து நான் எந்தக் கட்டத்தில் வருவேன் என்று தேடிப் பார்த்தேன். மற்ற பெண் உறவினர்தான் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைத் தாடிக்காரன் என்ன சார் என்றான். பிறகு சிரிப்பு வரவில்லை.

சந்தேகம் தீர வேண்டுமே என்று அன்றைக்கே, கணக்கெடுக்கும் அக்காவைக் கூட்டிக்கொண்டு அப்படிப்பட்ட சில வீடுகளுக்குப் போய் வந்தேன். ஒரு வீட்டில் வெல்டர். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. பிள்ளையை மடியில் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவை யாருங்க பார்த்துக்கிறது என்று கேட்டேன். "யாரும் இல்லைங்க சார், நான்தான்" என்றார். அடுத்த வீட்டில் பஸ் டிரைவர், பிள்ளைக்காகவே இரவு ஷிப்டை விட்டுக்கொடுத்தவர். அவரும் "ஆளுக்கு எங்க போறது, நான் மட்டும்தான்" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "அப்பாவும் பார்த்துக்கற ஒரு ஆள்தான்னு அவங்களுக்கே தோணல சார், நான் எதை டிக் பண்றது?" என்று கேட்டாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

எல்லா வீடும் அப்படி இல்லை. அதையும் மறைக்கக் கூடாது. ஒரு வீட்டில் அப்பன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் சோறு போட்ட நேரத்துக்கு அந்தப் பையன் சாப்பிடுகிறான். என் சட்டைப் பையில் கையை விட்டு மிட்டாய் இருக்கிறதா என்று அவனாகவே தேடினான். அவனைப் போன்றவர்களுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஆனால் வெல்டர் மகளையும் அவனையும் ஒரே கணக்கில் போட்டு மூடினால், அவனை யார் தேடிக் கண்டுபிடிப்பது?

திரும்பி வந்து ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்தேன். லிப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. பேசாமல் இருந்துவிடுடா என்று மனசு சொன்னது. அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. இனி எவனும் அந்த வினாத்தாளைத் திறந்து பார்க்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். எத்தனை சுலபம், யோசித்துப் பார். அப்போதுதான் நீ முதல் சம்பளம் வாங்கிய அன்று போனில் அழுதது ஞாபகம் வந்தது. "எனக்குக்கூட ஒரு வேலை தெரியுது பாருங்க" என்றாயே. மேலே ஏறிப் போனேன்.

டைரக்டர் மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வந்தது கோபம். "இத்தனை நாள் எங்கய்யா இருந்தீங்க? மந்திரி மேஜைக்கே போயாச்சு, இப்ப வந்து கட்டம் இல்லைங்கறீங்க" என்று சத்தம் போட்டார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரம்மா வெளிநாட்டுலதானே இருக்காங்க? நாளைக்கு நாலு பேர், உங்க வீட்டுக்காகத்தான் கணக்கை மாத்தினீங்கன்னு சொல்லுவாங்களே?"

நான் சொன்னேன்: "என் வீட்டுக்காகன்னா நான் வாயையே திறந்திருக்க மாட்டேன் மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். அந்தக் கண்றாவி ரப்பர் பேண்ட் அப்போதும் அங்கேதான் இருந்தது. உடனே அமைச்சகத்துக்குப் போன் போட்டார்.

அங்கே அவர் வாங்கிய திட்டை நான் எழுதமாட்டேன். ஆனால் மனுஷி அசரவில்லை. எல்லா வீட்டுக்கும் மறுபடி ஆள் அனுப்பினோம், அப்பாவுக்கு ஒரு கட்டம் போட்டு. யாருமில்லாத பிள்ளைகள் நூற்றில் நான்கைந்து பேர்தான். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதும் இப்போது தெரியும். அந்த மிட்டாய்ப் பையனின் தெருவுக்குப் போன வாரமே ஆள் போயாயிற்று. போன வியாழக்கிழமை தடைச் சட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் காப்பகங்களை வேலை முடியும் நேரம்வரை திறந்து வைக்கப் போகிறார்கள். அப்பாமார்களுக்கும் பிள்ளைக்காக விடுப்பு உண்டாம். வெல்டரிடம் போய்ச் சொன்னபோது, "எனக்கா? எனக்கு எதுக்குங்க லீவு?" என்று வெட்கப்பட்டார்.

ஆகவே நீ பயப்படாமல் டிக்கெட் எடு. வந்தால் உன்னை யாரும் தடுக்கமாட்டார்கள். பரீட்சையை எழுது, பாஸ் பண்ணு. அப்புறம் எங்களையும் அங்கே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னாயே, அதையும் மறக்காதே.

இன்னும் ஒரே ஒரு விஷயம். இந்தத் தடவை அப்பாமார்களிடம் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தோம்: உங்களுக்கு என்ன வேண்டும்? காப்பகம், பஸ், மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் உரிமை என்று ஆளாளுக்கு நிறையச் சொல்லியிருக்கிறார்கள். மைய ஊழியர்கள் வீட்டில் கணக்கெடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த அக்காவிடம் சொல்லியிருக்கமாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும்.

உன்னிடம் சொல்கிறேன். நீதான் வேண்டும். சட்டம் போட்டுப் பிடித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் நானே கேட்கிறேன்: லீவைக் கொஞ்சம் நீட்டிக் கேட்டுப் பார். அவள் எழுந்துவிட்டாள், சடை பின்னச் சொல்கிறாள். நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, பத்திரமாக வந்து சேர்.

உன் வீட்டில் இருக்கும்,
கணக்குப்பிள்ளை