தங்கைக்கென்று எடுத்து வைத்த பெயர்

வாண்டுவின் அம்மாவுக்கு,

வணக்கம். நானும் கடையும் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். உனக்குக் காலில் வீக்கம் என்று நம் வாண்டு சொன்னாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்காதே. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார். இதையெல்லாம் சொல்ல இப்போது உன் புது வீட்டுக்காரர் இருக்கிறார், எனக்கு உரிமை இல்லைதான். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியாததா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் முட்டிக்கொள்ளும். அதனால்தான் கடிதம். அவள் பையில் வைத்து அனுப்பலாம் என்றால் அந்த வாலு வழியிலேயே பிரித்துப் படித்துவிடும். தபாலில் போடுகிறேன்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை கடைக்கு வந்தபோதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பழைய ஏசியைக் கழற்றிப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். எப்போதும் ஓடிவந்து தண்ணீர்க் குழாயைப் பிடுங்குகிறவள், அன்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்னவென்று கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். பொறக்கப்போற தங்கச்சிக்கு நான் ஒரு பேரு சொன்னேன், அங்கிளுக்கு ரொம்பப் பிடிச்சுது, ஆனா அம்மா 'அந்தப் பேரு மட்டும் வேணாம்'னு பாதி சாப்பாட்டுல எழுந்து போயிட்டாங்க என்றாள். எந்தப் பெயர் என்றேன். சொன்னாள். குழாய் என் செருப்பிலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது, எனக்கு அதுகூட உறைக்கவில்லை.

அவளைத் திட்டாதே. அந்தப் பெயரை அவளிடம் சொன்ன மகாபுத்திசாலி நான்தான். போன வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தவள் கதை சொல்லு, கதை சொல்லு என்று உயிரை எடுத்தாள். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோய், உனக்கு ஒரு தங்கச்சி பொறந்திருந்தா இந்தப் பேருதான் வெச்சிருப்போம் என்று உளறிவிட்டேன். அது உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வரும் என்று கனவா கண்டேன்?

நீ ஏன் எழுந்து போனாய் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்றாவது மாடி வீட்டில் நாம் பெயர் தேடிய கூத்தை நீயும் மறக்கவில்லை. பழைய பெயராக இருக்க வேண்டும், ஆனால் எந்த டாக்டர் கிறுக்கினாலும் வாசிக்க வர வேண்டும் என்பது உன் கட்டளை. கேட்டால் அக்கா தங்கை என்று தெரிய வேண்டும், இரட்டைப் பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது என்பாய். கமலா, விமலா என்று நான் ஆரம்பித்ததும், ஒருத்தியைத் திட்டினா ரெண்டு பேரும் அழுவாங்க, ஒருத்தியைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் வரமாட்டாங்க என்று சிரித்தாய். எனக்கு ஒரே ஒரு சோதனைதான். நீ மாடியில் நிற்க, நான் கீழே பைக் நிறுத்தும் இடத்திலிருந்து இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் கத்திக் கூப்பிடுவேன். இன்னும் பிறக்காத பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறானே என்று கீழ்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். கடைசியில் அந்த இரண்டு பெயரும் சேர்ந்து வந்தபோது நீ மேலேயிருந்து கை தட்டினாய். ஒன்றைப் பெரியவளுக்கு வைத்தோம். மற்றதை எடுத்து வைத்தோம்.

பிறகு நீ இரண்டாவது குழந்தையைப் பற்றிப் பேசியபோதெல்லாம், கடை கொஞ்சம் நிமிரட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். கடை நிமிர்ந்தபோது நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே விட்டிருந்தோம். நம் சண்டைகளில் பாதி உன்னுடையது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த 'அடுத்த வருஷம்' முழுக்க முழுக்க என்னுடையது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாண்டு அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் பிள்ளைக்கென்று வைத்தது, எவனோ ஒருவன் பிள்ளைக்கா என்று தோன்றியது. தப்புதான், ஆனாலும் தோன்றியது. அம்மா சொல்றதுதான் சரி, வேற பேரு பாருங்க, உலகத்துல பேருக்கா பஞ்சம் என்று அவளிடமும் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அங்கிள் வீட்ல எல்லார் பேரும் ஒரே எழுத்துலதான் ஆரம்பிக்குது, பாப்பாவுக்கும் அப்படியே வெச்சுட்டா நான் மட்டும் தனியாயிடுவேன்ப்பா, என் பேரோட சேர்ற மாதிரி வெச்சா, ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடறப்ப நானும் அந்த வீட்டுப் பொண்ணுன்னு எல்லாருக்கும் தெரியும்ல என்றாள். எட்டு வயசுப் பிள்ளை. இத்தனை நாளாக இதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நானும் அழுதேன். கடையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

அதனால் பெண் பிறந்தால் அந்தப் பெயரையே வை. எனக்காக வேண்டாம் என்று சொல்லாதே. இங்கே சும்மா கிடந்து அது யாருக்கு என்ன ஆகப்போகிறது? அங்கே வந்தால் பெரியவளுக்குத் துணையாக இருக்கும். உன் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவள் செருப்பு வாரைத் தைத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார், பார்த்தேன். பெயர் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் வாயைத் திறக்க மாட்டேன், இந்த ஒரு விஷயத்திலாவது என்னை நம்பு.

பிரசவம் நல்லபடியாக ஆகட்டும். தாயும் பிள்ளையும் சுகமாக வீடு திரும்ப வேண்டும். அக்காவும் தங்கையும் அடித்துக்கொண்டாலும் அரை மணி நேரத்தில் கூடிவிடுகிற பிள்ளைகளாக வளரட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வாண்டுவை அழைத்துப்போக வரும்போது, ஒரு நாள் நீ குழந்தையோடு கதவைத் திறப்பாய். நான் தெருவில் போகிற யாரோ ஒருவனைப் போல, பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க என்று கேட்பேன். நீயும் யாரோ ஒருவனுக்குச் சொல்வதைப் போலச் சொல். நல்ல பேரு என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிடுவேன். அன்றைக்கு மட்டும் என் முகத்தைப் பார்க்காதே.

இப்படிக்கு,
வாண்டுவின் அப்பா