லிஃப்ட் கம்பெனியின் அகழி

லூப்ளின்,
டிசம்பர் 19

அன்புள்ள கலினாக் கண்ணுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பெர்த் ஊர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று அன்றாடம் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, என்மேல் இருக்கும் கோபம்தான் இன்னும் கால்வாசி பாக்கி. பனி முழங்கால் வரை கிடக்கிறது, நீ அனுப்பிய கம்பளிக் காலுறை அப்பாவுக்குச் சிறிதாகிவிட்டதால் நானே போட்டுக்கொண்டேன். ஏம்மா, நம் கட்டடத்தில் யாரும் உன்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லையாமே என்று போனில் கேட்டாய், அது போனில் சொல்லி மாளாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மருந்துக்கடை வேலையை விட்ட நாளிலிருந்து, தரகர் பேச்சையும் டிவிக்காரர் பேச்சையும் கேட்காமல் நானே கம்பெனிகளைப் படித்துப் பார்த்துப் பங்கு வாங்குகிறேன், அது உனக்குத் தெரியும். இந்த வருஷம் லாபம் எவ்வளவு என்பதை நான் அப்புறம்தான் பார்ப்பேன். இன்றைக்கு ஓஹோவென்று விற்கிற சரக்கை நாளைக்கு அடுத்த தெருக்காரன் பாதி விலைக்குக் கொடுத்தால் அந்த லாபம் எங்கே போகும்? அதனால் எதிரி கிட்டே வர முடியாதபடி கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். அப்படித் தேடியபோது நம் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கிற கோர்னிக்ஸ் கம்பெனியே கண்ணில் பட்டது. இருபது வருஷமாக அவர்கள்தான், வருஷா வருஷம் கட்டணத்தை ஏற்றுகிறார்கள், நம் குடியிருப்போர் சங்கம் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறது. இதைவிட நல்ல அகழி வேறு எங்கே கிடைக்கும் என்று பங்கு வாங்கிவிட்டேன். உன் அப்பா ஜெனோனின் வாயைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டுமா, ஊர் லிஃப்டெல்லாம் நல்லாத்தான் ஓடுது லெயோகாடியா, நம்ம வீட்டு அடுப்புதான் ஓட மாட்டேங்குது, சூப் எப்போ வரும் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மேலும் வாங்குவதற்கு முன்னால் அகழியின் ஆழத்தைக் கோல் விட்டுப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்டோபர் மாதச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, ஏன் நாம் வேறு கம்பெனிக்கு மாறக் கூடாது என்று பேசினேன். யாரும் கை தூக்க மாட்டார்கள், நிம்மதியாக வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் வாய் திறந்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது கலினா, நாம் என்ன ஆட்டு மந்தையா என்றெல்லாம் கேட்டுவிட்டேன். எல்லாக் கையும் மேலே போயிற்று. லிஃப்டே தேவையில்லாத தரைத்தள ஹொனொராட்டா இரண்டு கையையும் தூக்கினாள். என் பங்குக்கு நானே வேட்டு வைத்துவிட்டு, எல்லோரும் கைதட்ட, பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

புதுக் கம்பெனி வந்தது, இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு நாள் லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது, நின்றது நின்றதுதான். வந்த ஆட்கள் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். அது கோர்னிக்ஸின் பெட்டி, அவர்களுடைய கடவுச்சொல் இல்லாமல் மசியாது. கோர்னிக்ஸோ, பழையபடி ஒப்பந்தம் போட்டால் வருகிறோம், கட்டணம் மட்டும் பழையபடி இல்லை என்றது. நம் சங்கத் தலைவர் ரோஷக்காரர், படியேறிச் செத்தாலும் சாவேன் என்றார், அவர் வீடு இரண்டாம் மாடி. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய கெண்டை மீனை உயிரோடு வாளியில் வைத்து ஏழு மாடி தூக்கி வந்த உன் அப்பா, ஐந்தாவது மாடியில் வாளியை இறக்கி வைத்துவிட்டு, இந்த மீனுக்கே என்னைப் பார்த்தால் பாவமா இருக்கு, உனக்கு இல்லையே என்று கத்தினார், எல்லாக் கதவும் திறந்து மூடின.

அகழி ஆழம்தான் என்று தெரிந்துவிட்டது, எனக்கு உள்ளூர ஒரு குதூகலம்கூட இருந்தது. அதை ஒன்பதாம் மாடி எவாரிஸ்ட் ஒரே வார்த்தையில் அணைத்துவிட்டார். மின்கம்பியில் ஓடுகிற ட்ராலிபஸ் ஓட்டினாரே, அவர்தான். செப்டம்பரில் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் மனைவி அப்போலோனியா ஞாபகம் தப்பிப்போய் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், இவர் நாள் தவறாமல் போய்ப் பார்ப்பார், லிஃப்ட் நின்றதும் ஒன்பது மாடி இறங்க முடியாமல் முடங்கிவிட்டார். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்று நாலு பேர் வந்தபோது, வாழ்நாளெல்லாம் முன் சீட்டுல உக்காந்து ஜனங்களைக் கொண்டுபோனவன் நான், என்னை மூட்டையாக் கட்டாதீங்க என்று மறுத்துவிட்டார். நான் சூப் கொண்டுபோன அன்று, லிஃப்ட் கிடக்கட்டும் லெயோகாடியா அம்மா, அவ என்னைத் தேடுவாளே என்றார். சூப்பை மேஜையில் வைத்துவிட்டு உடனே இறங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இல்லத்துக்குள் நுழைந்ததும் அப்போலோனியா அவரைப் பார்த்து, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா, எவளோட பேசிட்டிருந்தே, கையை வீசிக்கிட்டு வந்திருக்கியே வெக்கமா இல்லையா என்று பிடித்துக்கொண்டாராம். இவர், நான் உங்க வீட்டுக்காரர் இல்லை என்று மறுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை, கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து கசகசா ரோலும் கையுமாகப் போவார், திட்டு வாங்குவார், வந்து எவாரிஸ்டுக்கு அப்படியே ஒப்பிப்பார். நீ திட்டறதுக்கும் அவங்க திட்டறதுக்கும் வித்தியாசமே இல்லை, ஒரே ராகம் என்று என்னிடம் சொல்கிறார்.

மூன்றாம் வாரம் தலைவர் தாமாகவே இறங்கி வந்தார். கோர்னிக்ஸோடு மறுபடி ஒப்பந்தம், கட்டணம் முன்னைவிட அதிகம். அதைக் கூட்டத்தில் வாசித்தபோது உன் அப்பா பக்கத்திலிருந்தவரிடம், பரவாயில்லை, இவ சோதிச்சுப் பாத்த எங்க பங்கும் ஏறியிருக்கு என்று அவருடைய ரகசியக் குரலில் சொன்னார். அவருடைய ரகசியக் குரல் தெருமுனை வரை கேட்கும். சபை அப்படியே திரும்பி என்னைப் பார்த்தது. ஹொனொராட்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள். ஷேர் வாங்கினா வாங்கிக்கோங்க லெயோகாடியா, சோதிச்சுப் பாக்க மட்டும் வேற கட்டடம் பாத்துக்கோங்க என்றாள். சிரிப்பா கோபமா என்று தெரியாமல் ஒரு சத்தம் எழும்பியது. ஆமாம், என்னிடம் அந்தப் பங்கு இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன், வேறென்ன செய்ய.

மறுநாளே விற்றுவிட்டேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே, கணக்குப் போட்டுத்தான் விற்றேன். வாடிக்கையாளர் இவர்களை விட்டுப் போகவே மாட்டார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். போக மாட்டார் என்பதும் போக முடியாது என்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. இத்தனை கட்டடத்து ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போது கதவு திறக்கும் என்று காத்திருக்கும்போது அந்த அகழியை யார் தூர்ப்பார்கள்? ஜனங்களே மண் சுமந்து வந்து தூர்ப்பார்கள். இதெல்லாம் என் விளக்கம், நான் விற்ற பிறகு விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தினமும் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அப்பா அந்த விலையை எனக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறார். இப்போது ஒரு ஊறுகாய்க் கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கடைக்காரர் என்னை வரி இலாகா ஆள் என்று சந்தேகப்படுகிறார், அது தனிக் கதை.

லிஃப்ட் ஓடிய முதல் நாளே எவாரிஸ்ட் சவரம் செய்துகொண்டு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு இறங்கினார், துணைக்கு அப்பாவும் போனார். அப்போலோனியா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எவாரிஸ்டிடம், வாங்க, உக்காருங்க, இது என் வீட்டுக்காரர், எப்பவும் லேட்டாத்தான் வருவார் என்று உன் அப்பாவைக் காட்டினாராம். அப்பா முகம் பீட்ரூட்டாகிவிட்டது, எழுந்து ஓடப் பார்த்தவரை எவாரிஸ்ட் கையமர்த்திவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வணக்கம்மா, என் பேர் எவாரிஸ்ட், ட்ராலிபஸ் ஓட்டுறேன் என்றாராம். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிரைவருங்க நல்லவங்க, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டாராம். அவர்கள் திரும்பி வரும்போது லிஃப்டில் நானும் ஏறினேன். லெயோகாடியா அம்மா, நாளைக்குப் பூ வாங்கிட்டுப் போகணும், இந்த வயசுல மறுபடியும் பொண்ணு பாக்கப் போறேன் என்று எவாரிஸ்ட் சொல்லிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். நாங்கள் ஏழாம் மாடியில் இறங்க மறந்து ஒன்பது வரைக்கும் போய்விட்டோம்.

கண்ணு, வெயிலில் தொப்பியில்லாமல் வெளியே போகாதே. கிறிஸ்துமஸ் அன்று மேஜையில் உனக்கும் ஒரு தட்டு வைப்பேன், அந்த நேரத்துக்குப் போன் செய். யாரோ சொன்னார்கள் என்று மாப்பிள்ளை எந்தப் பங்கையும் வாங்கிவிட வேண்டாம், என்னைக் கேட்கட்டும். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, மனம் குளிர வாழ மாதா துணையிருப்பாள். அப்பா தனியே ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், வாளி தூக்கிய தோள் இன்னும் வலிக்கிறது என்பதையும் எழுதச் சொன்னார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா,
லெயோகாடியா